துரை முன்னால் எடுத்த அளவு

சென்னையிலிருந்து பெட்டி வந்திருக்கிறது என்று சேலம் ஜங்ஷனிலிருந்து தகவல் வந்தபோது தங்கசாமிக் கவுண்டர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக்கூட ஒழுங்காகக் கொப்புளிக்கவில்லை மனுஷன், வில் வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டார். மல்லசமுத்திரத்தில் நூறு ஏக்கர் பண்ணயம் வைத்திருக்கிற ஆள், பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட இப்படிப் பறக்கவில்லை என்று அவர் சம்சாரம் பாவாயி பிற்பாடு சொன்னாள். உள்ளே இருந்தது என்ன தெரியுமா? அவருக்கென்றே அளவெடுத்து, அவர் பேரின் முதலெழுத்தைப் பொறித்துச் செய்த கோல்ஃப் மட்டைகள்.

பண்ணயக்காரருக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில், இரண்டாம் உலக யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முன்பு, சங்ககிரி போகிற ரோட்டை ஒட்டி வெள்ளைக்காரர்கள் ஒரு கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரைகள், ரயில்வே துரைகள், சேலத்து உத்தியோகத் துரைகள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இடம். இருந்த இடம் அவர்களுக்குப் போதவில்லை. பக்கத்தில் கவுண்டருக்குப் பன்னிரண்டு ஏக்கர் மேட்டாங்காடு இருந்தது. கொள்ளு விதைத்தால் விதைத்த கொள்ளே திரும்பி வராத காடு. கிளப்பின் காரியதரிசி பார்க்லி துரை கேட்டார், இவர் குத்தகைகூட வேண்டாம் என்று கொடுத்தார். பதிலுக்குத் துரை அவரை மெம்பராகச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கிளப்பில் சேர்ந்த முதல் இந்தியர் இவர்தான்.

சும்மா பேருக்கு மெம்பர் என்றுதான் துரைகள் நினைத்திருந்தார்கள். ஒரு நாள் ரயில்வே துரை ஒருத்தர் வேடிக்கைக்காகத் தம் மட்டையை இவர் கையில் கொடுத்தார். இருபது வயசு வரைக்கும் ஏர் பிடித்த தோள் அல்லவா! இவர் வீசின வீச்சில் பந்து வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அந்தப் பந்து மேலே ஏறி, கொஞ்சம் நின்று, அப்புறம் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றார் கவுண்டர். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். சீமைக்கு லீவில் போகிற துரை ஒருத்தரிடம் பழைய மட்டைகளை இரவலாக வாங்கி, கடலை பிடுங்கின காட்டில் தினம் சாயங்காலம் தனியாக அடித்துப் பழகினார். பண்ணயத்து ஆட்கள் வரப்பில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதை அவர் சட்டை செய்யவில்லை.

ஆட்டம் ஒரு பங்கு என்றால், அதைப் பற்றிய பீற்றல் மூன்று பங்கு. கல்யாண வீட்டுப் பந்தியில், சந்தையில், சாவு வீட்டில்கூட, சுற்றி வளைத்துப் பேச்சை அங்கே கொண்டுவந்துவிடுவார். "துரைக்குச் சரிசமமா நின்னு ஆடறனுங்க" என்பார். தாசில்தார் வாசலில் நிற்கவே நாலு மணி நேரம் காத்துக் கிடக்கிற ஜனம் அது. கேட்டவர்கள் வாயடைத்துப் போவார்கள். கவுண்டருக்கு அன்றைக்குச் சோறு தனி ருசியாக இருக்கும்.

இரவல் மட்டை எத்தனை நாளைக்கு? சென்னையில் ஒரு கம்பெனி ஆளுக்குத் தக்கபடி மட்டை செய்து தருகிறது என்று பார்க்லி துரைதான் சொன்னார். அளவெழுதி அனுப்ப ஒரு தாளும் வரவழைத்துக் கொடுத்தார். அதில் கேட்டிருந்தது இரண்டே கேள்வி. கை தொங்க நிற்கும்போது மணிக்கட்டிலிருந்து தரை வரை எத்தனை அங்குலம்? உள்ளங்கை எவ்வளவு நீளம்? சித்திரை மாதம் கிளப் அறையில் வைத்து அளந்தார்கள். மட்டைகளுக்குத் தோல் சுற்றி, பழுது பார்க்கிற மாரியப்பன் டேப்பைப் பிடித்து எண்ணைச் சொன்னான். துரை எதிரே நின்று எழுதிக்கொண்டார். ஐந்து நிமிஷ வேலை.

இப்போது ஆடி மாதம் பெட்டி வந்துவிட்டது. வீட்டு முற்றத்தில் வைத்து ஆணியைப் பிடுங்கித் திறந்தார். பளபளவென்று ஒன்பது மட்டைகள், வைக்கோலுக்கு நடுவில். ஒன்றை எடுத்துக் கையில் பிடித்தார். மட்டையின் நுனி தரையைத் தொடவில்லை. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படித்தான். பழைய இரவல் மட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், புதுசு நாலு அங்குலம் குறைச்சல். கவுண்டர் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவான ஆள். பள்ளிக்கூடப் பையனுக்குச் செய்த மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

சரி, இரண்டு நாள் பழகினால் கைக்கு வந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கொண்டுபோனார். அங்கேதான் தப்புப் பண்ணினார். எல்லோரும் புது மட்டையைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். முதல் வீச்சில் மட்டை பந்துக்கு மேலே காற்றைச் சீவியது. இரண்டாவதில் பந்தின் உச்சந்தலையில் பட்டு, அது கோழிக்குஞ்சு மாதிரி நாலடி ஓடி நின்றது. ஏற்காட்டுத் துரை ஒருத்தர், ஆடி மாதக் காற்றில் கவுண்டர் சுருங்கிவிட்டாரா என்று கேட்டார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு.

கவுண்டருக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தச் சூட்டில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். மாரியப்பன் அளவைத் தப்பாகப் படித்துவிட்டான், படிப்பில்லாத பயலிடம் டேப்பைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், மாரியப்பன் மேல் அவருக்கு ஒரு கோபமும் கிடையாது. சிரிப்பை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பார்க்லி துரை எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. அங்கேயே மாரியப்பனைக் கூப்பிட்டார். கிளப்பின் பேர் கெட்டது, உனக்கு இனி வேலை கிடையாது, மைதானத்துக் குடிசையைப் பத்து நாளில் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்.

மாரியப்பன் முப்பது வயசுக்காரன். சொந்தமாக ஒரு அடி நிலம் இல்லாதவன். சம்சாரம் பாப்பாயிக்கு ஆறு மாசம். துரை சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் திரும்பினான். கவுண்டரை மட்டும் ஒரு தடவை பார்த்தான். கவுண்டர் மட்டையைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் மாரியப்பன் மல்லசமுத்திரத்துக்கே வந்துவிட்டான். அவ்வளவு தூரமும் நடை. கையில் அதே டேப். ஒரே ஒரு தடவை திரும்ப அளந்து பார்க்க உத்தரவு வேண்டும், தான் படித்தது தப்பென்றால் தன் மனசாவது ஆறும் என்று வாசலில் நின்று கேட்டான். பாவாயி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல்ல வழியில்லை. சரி, அளந்துக்கோ என்று கவுண்டர் களத்தில் வந்து நின்றார்.

தம் வீட்டுக் களம், தம் நெல், எதிரே மாரியப்பன். எப்படி நிற்பார்? மார்பை விரித்து, கல்தூண் நட்ட மாதிரி நின்றார். மாரியப்பன் மண்டியிட்டு, மணிக்கட்டு எலும்பில் டேப்பை வைத்துத் தரை வரை இழுத்தான். முப்பத்தைந்து அங்குலம். இன்னொரு தடவை இழுத்தான். அதே முப்பத்தைந்து. துரையின் தாளில் இருந்தது முப்பத்தொன்று.

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. தான்தான் தப்புப் பண்ணிவிட்டோமா என்று டேப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கி, கவுண்டரைக் கால் முதல் தலைவரை பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சாமி, அன்னைக்கு நீங்க இப்புடி நிக்கலீங்க" என்றான்.

"பொறவு எப்புடிடா நின்னேன்?"

"குனிஞ்சு நின்னீங்க சாமி. முட்டி மடங்கி, தோளு தொங்கி, மணிக்கட்டு கீழ எறங்கிப்போச்சுங்க. துரை எதுத்தாப்புல நின்னாருங்களா, அதனாலீங்க. கவுண்டரு நிமிரட்டும்னு நானும் டேப்பைப் புடிச்சுக்கிட்டே இருந்தனுங்க. துரை அவசரப்படுத்துனாரு. நிமிருங்கன்னு உங்களைப் பாத்து நான் எப்படிங்க சொல்லுவேன்?"

கவுண்டருக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. அவருக்கு எட்டு வயசு இருக்கும்போது, வரிக்கணக்குப் பார்க்கும் ஜமாபந்திக்கு வந்த கலெக்டர் துரை கூடாரத்துக்கு அப்பா அழைத்துப் போனார். பிடரியில் கையை வைத்து அழுத்தி, "குனி சாமி, துரை பாக்கறாரு" என்றார். அப்புறம் யாரும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. வெள்ளைத் தோலைப் பார்த்தால் முட்டி தானாகத் தளரும். அந்தத் தளர்ச்சியை இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை. மைதானத்தில் பந்து அடிக்கும்போது கண் பந்தின் மேல் இருக்கும், அப்போது முட்டி தளராது. அடித்து முடித்துத் துரையோடு பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சரிசமமாக நின்று ஆடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷனின் நிற்பை, ஒரு கம்பெனி அங்குலக் கணக்கில் எழுதி வாங்கி, மரத்திலும் இரும்பிலும் செய்து அனுப்பிவிட்டது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கமா அது? களத்து மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மாரியப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். துரையிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அளவு தப்பில்லை, நின்ற விதம்தான் காரணம் என்று. கவுண்டர், பார்க்கலாம் போ என்று உறுமினார். அவன் போனான்.

பாவாயி வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். "ஏனுங்க, அவன் சொன்னதுல என்ன பொய்யி? தாசில்தாரு வந்தாலே நீங்க பாதி ஆளா ஆயிருவீங்க. எனக்குத் தெரியாதுங்களா? ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்துருங்க. வயித்துப்புள்ளக்காரி நடுத்தெருவுல நிக்கறா."

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், போய்விட்டாள்.

இதற்குள் மாரியப்பன் சும்மா இருக்கவில்லை. துரையிடமே போய்க் காலில் விழுந்து, எல்லோர் முன்னாலும் கவுண்டரை இன்னொரு தடவை அளக்கட்டும், பழைய எண் வராவிட்டால் அன்றைக்கே போய்விடுகிறேன் என்று கேட்டிருக்கிறான். துரைக்கு அது நியாயமாகப் பட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அளவு கொடுக்க வேண்டும் என்று கவுண்டருக்குக் கடுதாசி வந்தது.

கடுதாசியைப் படித்ததும் கவுண்டர் மனசில் என்ன ஓடிற்று என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாரியப்பனைக் காப்பாற்ற அவர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. துரை முன்னால் எப்போதும் நிற்கிற மாதிரி நின்றால் போதும், முப்பத்தொன்று வந்துவிடும். ஆனால் அப்படி நின்றால் அத்தனை துரைகளும் பார்ப்பார்கள். குனிந்த முதுகுக்கு அளவெடுத்து மட்டை செய்துகொண்ட கவுண்டர் என்ற பேர் சேலத்திலிருந்து சங்ககிரி வரை போகும். நிமிர்ந்து நின்றால் முப்பத்தைந்து வரும். மானம் தப்பும், மாரியப்பன் போவான். அவனுக்கு வேறெங்காவது வேலை பிடித்துக் கொடுத்தால் போயிற்று, நம் பண்ணயத்திலேயே மாடு மேய்க்கட்டுமே என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். நிமிர்ந்து நிற்பது என்று முடிவு பண்ணிவிட்டார்.

முடிவு பண்ணியது மட்டுமா, பழகவும் பழகினார். நெல் குதிருக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் சுவரில் குதிகாலும் முதுகும் பிடரியும் படும்படி நின்றார். எதிரே பார்க்லி துரை நிற்பதாக நினைத்துக்கொண்டு நின்றார். நான்கு நாள், காலையும் மாலையும். நன்றாகவே நின்றார். அப்படி நிற்கும்போதெல்லாம் மாரியப்பன் சம்சாரம் பாப்பாயியின் வயிறு மனசில் வந்துபோனது. அதைத் தள்ளிவிட்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டு, தலையில் உருமாலை, மெருகு போட்ட செருப்போடு போனார். கிளப் அறையில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாரியப்பன் ஒரு மூலையில் டேப்போடு நின்றான். அவன் கண்ணைப் பார்க்கக்கூடாது என்று கவுண்டர் நேரே நடுக்கூடத்தில் போய் நின்றார். செருப்பைக் கழற்றினார். குதிகாலைச் சேர்த்தார். மார்பை விரித்தார். சுவரில் நின்ற மாதிரியே நின்றுவிட்டார். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

பார்க்லி துரை தாளும் பேனாவுமாக எழுந்து வந்தார். இரண்டடி தூரத்தில் எதிரே நின்று, கவுண்டரின் முகத்தை நேராகப் பார்த்து, தயாரா என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஆமாங்க துரை என்று சொல்ல வாயைத் திறந்தபோதே தோள் இறங்கிவிட்டது. முட்டி தளர்ந்தது. கவுண்டருக்கு அது தெரிந்தது, முதல் தடவையாகத் தெரிந்தது. நிமிர வேண்டும், நிமிர வேண்டும் என்று பல்லைக் கடித்தார். உடம்பு கேட்கவில்லை. மாரியப்பன் வந்து மண்டியிட்டு டேப்பை இழுத்தான்.

"முப்பத்தொண்ணுங்க" என்றான்.

துரை தாமே குனிந்து டேப்பைப் படித்தார். பிறகு நிமிர்ந்து, கவுண்டரை ஒரு சுற்றுப் பார்த்தார். நேராக நில்லும் என்று தோளில் தட்டினார். கவுண்டர் முயன்றார். முப்பத்தொன்றரை வந்தது. அப்புறம் அந்த ஏற்காட்டுத் துரை புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார், அது ஒவ்வொருவராகப் பரவிற்று. பார்க்லி துரை மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த தடவை நான் அறையில் இல்லாதபோது அளவெடுத்துக்கொள்ளும் என்று நல்ல மனசோடுதான் சொன்னார். அந்தச் சிரிப்பையெல்லாம்விட இதுதான் கவுண்டரைக் குத்திற்று. மாரியப்பனுக்கு வேலை உண்டு, குடிசை உண்டு என்று துரை அங்கேயே சொல்லிவிட்டார்.

கவுண்டர் செருப்பை மாட்டிக்கொண்டு எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. வண்டியில் ஏறப் போகும்போது பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. மாரியப்பன். வந்த வேகத்தில் மண்ணில் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டான். வண்டியோட்டி, மைதானத்து ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, முதல்ல நீங்க நிமிந்து நின்னதை நான் பாத்தனுங்க. நாம தொலைஞ்சம்னு நெனச்சேன். பொறவு எனக்காவ, அத்தனை துரைமாரு முன்னால, வேணும்னே குனிஞ்சீங்களே சாமி! என்ற ஊட்ல பொறக்கற கொழந்தைக்கு உங்க பேருதானுங்க."

இல்லைடா, நான் உன்னைக் கைவிடத்தான் வந்தேன் என்று சொல்ல கவுண்டர் வாயைத் திறந்தார். வண்டியோட்டி தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சாமியைப் பார்க்கிற மாதிரி தம்மைப் பார்ப்பது தெரிந்தது.

"சரி சரி, எந்திரி. போய் வேலையைப் பாரு" என்றார் கவுண்டர்.

வீடு வந்து சேர்வதற்குள் வண்டியோட்டி வழியில் நின்ற இடத்திலெல்லாம் கதையைச் சொல்லியாகிவிட்டது. உள்ளே போய்க் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். பாவாயி இலை போட்டாள். ஐந்து நாளாகப் பேசாதவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்க, அந்த ஏழைக்கோசரம் வேணும்னேதான் குனிஞ்சீங்களா?"

அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் ஒருத்தியிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம். இவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"ஆமா" என்றார்.

பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெய்ச் சொம்பை எடுத்து, சோற்றின் மேல் ஒரு கரண்டி விட்டாள், இன்னொரு கரண்டியும் விட்டாள். போதும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிசைந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை விடாமல் தின்றார்.